குளிப்பாட்டிக் கூட்டி வந்த நாய்

மெரிதா நகரின் தெற்குப் பக்கத்தில் நெரெய்தா பெச்சைக் கண்டால் நாய்களுக்கு முன்னாலேயே அவற்றை வளர்ப்பவர்கள் பின்வாங்குவார்கள். டாக்டர் ஒசோர்னோவின் கால்நடை மருத்துவமனையில் ரத்தம் எடுப்பவள் அவள். "காட்டேரி வந்துட்டா, பிள்ளைங்கள ஒளிச்சு வைங்க!" என்று காத்திருக்கும் பெஞ்சிலிருந்து கிண்டல் வரும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் எந்தப் பிராணிக்கும் மயக்க ஊசி போடக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் மல்லுக்கு நிற்பாள்.

முன்பு அவள் வாசல் மேசையில் காகிதம் நீட்டுகிறவளாக இருந்தாள். 'பரிசோதனை வேண்டாம், என்ன நடந்தாலும் என் பொறுப்பு' என்று அச்சடித்த காகிதம். எல்லோரும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். ஒருநாள் வாலாட்டிக்கொண்டு உள்ளே போன கறுப்பு நாய் ஒன்று, அறுவையில் ரத்தம் நிற்காமல் செத்துப்போனது. காகிதம் மருத்துவமனையைக் காப்பாற்றிவிட்டது. நாயை யார் காப்பாற்றினார்கள்? அந்தக் கேள்வி விடாமல் துரத்தியதால்தான் அவள் மேசையை விட்டு எழுந்து ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலை வில்பெர்த் கனூல் வந்தார். தள்ளுவண்டியில் ஐஸ் விற்பவர். மனைவி காலமானபிறகு வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை சாயா என்ற பழுப்பு நாய் ஒன்றுதான். கருத்தடை அறுவைக்காகக் கூட்டி வந்திருந்தார். சாயாமேல் ஷாம்பு கமகமத்தது, கழுத்தில் மஞ்சள் ரிப்பன் வேறு.

"டோன்யா நெரெய்தா, இவளுக்கு எதுக்கு டெஸ்ட்டு? நேத்துகூட சுவரேறிக் குதிச்சா. அந்தக் காகிதத்தைக் கொடுங்க, கண்ண மூடிட்டுப் போட்டுடறேன்." அந்த ஊரில் மரியாதைக்குப் பெண்ணை டோன்யா என்றும் ஆணை டோன் என்றும் அழைப்பார்கள்.

"கண்ண மூடிட்டுத்தான் எல்லாரும் போடறாங்க. இவளுக்கு உண்ணி இருந்துச்சா?"

"சீச்சீ! எங்க வீட்டு நாய்க்கா?"

நெரெய்தா காகிதத்தைக் கொடுக்கவில்லை. முன்னங்காலில் ரத்தம் எடுத்து எந்திரத்தில் வைத்தாள். வந்த எண்ணைப் பார்த்ததும் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் இரண்டு லட்சமாவது இருக்கவேண்டிய இடத்தில் முப்பத்தெட்டாயிரம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, சாயாவின் பெயரை அன்றைய பட்டியலிலிருந்து அடித்தார்.

"இன்னிக்கு ஆபரேஷன் இல்ல, டோன் வில்பெர்த்" என்றாள் நெரெய்தா.

"வெளாடறீங்களா? ராத்திரியிலேருந்து பட்டினி போட்டு வெச்சிருக்கேன், அது மொகத்தப் பாக்கவே சகிக்கல!"

"டெங்கு வந்தா நமக்குத் தட்டணு குறையுமில்ல, அதுமாதிரி இவளுக்குக் குறைஞ்சு கெடக்கு. உண்ணி கடிச்சு வர்ற நோவு. குதிக்கிற நாய்கிட்டயும் இருக்கும், வெளியில தெரியாது. கத்தி வெச்சா ரத்தம் நிக்காது. மயக்கத்துல கெடக்கிறவ என்ன ஆகுதுன்னு நமக்குச் சொல்லவா போறா?"

வில்பெர்த் தலை குனிந்துகொண்டார். "போன ஞாயித்துக்கெழம உக்காந்து நாப்பது உண்ணி பிடுங்கினேன்" என்றார் மெல்ல. "டாக்டர் பாத்தா என்ன நெனப்பாரு? நாய வெச்சுக்கத் தெரியாதவன்னு நெனைக்க மாட்டாரா? அதான் குளிப்பாட்டி…"

"அடப்பாவி மனுசா!" என்று நெரெய்தாவின் வாயிலிருந்து வந்தது. கோபமாகச் சொல்ல நினைத்தாள், குரல்தான் உடைந்துவிட்டது.

"நான் கையெழுத்துப் போட்டிருந்தா?"

"இந்நேரம் போர்வையில சுத்தித் தூக்கிட்டுப் போயிருப்பீங்க."

அவர் தரையிலேயே உட்கார்ந்து சாயாவைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதார். ஒரு மாதம் மாத்திரை, மறுபடி ரத்தப் பரிசோதனை, எண் ஏறினால் அறுவை என்று நெரெய்தா அவருக்கு இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மடியில் பவுடர் மணக்கும் குட்டை நாயோடு இருந்த பெண் எழுந்து வந்தாள். அவள் கையெழுத்திட்ட காகிதம் அரைமணி நேரமாக மேசையில் கிடந்தது. அதை எடுத்து இரண்டாகக் கிழித்தாள்.

"நானும் காலையில உண்ணி பிடுங்கினேன்க்கா" என்றாள். "எண்ணக்கூட இல்ல."

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் தங்கள் காகிதங்களைத் திரும்பக் கேட்டு எழுந்தார்கள்.