'தே' என்றால் இரண்டு

எனக்கு வாசிக்கத் தெரிந்தது கிளாரினெட். பேண்டுக்கென்று நான் எழுதியது ஒரே ஒரு உருப்படி. பெரிய டிரம் அடித்த என் கூட்டாளிக்காக, அவன் போன பிறகு எழுதியது.

நான் உறுவையாற்றுக் கரும்புக் கொல்லையிலிருந்து பேண்டுக்குப் போனவன். அவன் வீராம்பட்டினத்துக் கடல்காரன். எங்கள் மாஸ்டர் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்சனில் வந்த சிப்பாய், ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. நம்மூர்க்காரர்தான், ஆனால் தாளம் எண்ணும்போது மட்டும் வாயில் பிரெஞ்சு வந்துவிடும்: "ஆன், தே, த்ருவா!"

முதல் எண்ணில் டிரம் விழ வேண்டும். இவனோ 'தே'யில்தான் அடிப்பான். அவன் காதுக்கு அது 'டே!' கடலில் ஒருவன் 'டே!' என்றால் அந்த நொடியே துடுப்புப் போட்டாக வேண்டும். பழகிய கை கேட்குமா?

"'தே'ன்னா ரெண்டுபா, உன்னக் கூப்புடல" என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

"எனக்குத் தெரிதுடா. கைக்குத் தெரியலியே!"

மாஸ்டருக்குத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிவிடும். ஆனால் அந்த டிரம்மைச் சுமந்துகொண்டு மணலில் நடக்க வேறு ஆள் இல்லை.

ஒரு தேர்த் திருவிழா. வடம் பிடிக்க கவர்னர் துரை வந்து நின்றார். நான் தனியாக வாசிக்க வேண்டிய இடம். பயத்தில் கிளாரினெட் கழுத்தைப் பிடித்த கோழிபோலக் கத்தியது. மறுநொடி, யாரும் எண்ணாமலே, அவன் டிரம்மைக் கண்டபடி போட்டு மொத்தினான். கூட்டமே அவனைப் பார்த்துச் சிரித்தது. மாஸ்டரின் கோபமும் அவன்மேல் போயிற்று.

"இன்னாடா பண்ண?" என்று பிறகு கேட்டேன்.

"உம்பேரு கெடக்கூடாதுல்ல. எம்பேரு கெட்டதுதான."

அந்தச் சிரிப்பை அவன் வாங்கிக்கொள்ளாவிட்டால் நான் மறுபடி கிளாரினெட்டைத் தொட்டிருக்க மாட்டேன். அந்த நன்றி இன்றுவரை எனக்குள் அப்படியே இருக்கிறது.

மறுவருசம் விஷக் காய்ச்சலில் போய்விட்டான்.

கார்னெட், டிராம்போன் எல்லாவற்றையும் சேர்த்து உட்கார்ந்து எழுதினேன். ஒப்பாரியாக எழுதவில்லை, அவன் அழுமூஞ்சி இல்லை. பெரிய டிரம் மட்டும் கடைசிவரை இரண்டாவது எண்ணில்தான் விழும். அதை மாற்றினால் அதில் அவன் இல்லை.

மாஸ்டர் தாளைப் பார்த்துப் பொங்கினார். "இன்னாபா இது? அவன் சாவற வரைக்கும் இதத் திருத்தத்தான மல்லுக்கட்டுனேன்! மொத எண்ணுக்கு மாத்து."

"மாத்துனா வாசிக்கவே வாணாம் மாஸ்டர்."

அவரை நான் எதிர்த்துப் பேசியது அன்றுதான். அவர் முனகிக்கொண்டே தாளை எல்லோருக்கும் கொடுத்தார். டிரம்முக்கு வந்த புது ஆளோ ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் பழக்கதோஷத்தில் முதல் எண்ணில் அடித்துக் கெடுத்தான்.

தெவசத்தன்று அவன் வீட்டுக்கு முன்னால் மணலில் நின்றோம். அடி எங்கே விழுமோ என்று நான் புது ஆளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் கையைத் தூக்கினார். "ஆன்" என்றார் மெதுவாக. பிறகு டிரம் பக்கம் திரும்பி, குப்பம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "டே!"

புது ஆள் பதறிப்போய் ஓங்கி அடித்தான். வாசலில் நின்ற என் கூட்டாளியின் பெண்சாதி சட்டென்று தலை நிமிர்ந்தாள். உருப்படி முடியும்வரை மாஸ்டர் அப்படியேதான் எண்ணினார்.

முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"இன்னிக்குத்தான்டா அவன் சரியா அடிச்சான்" என்றார்.