சனிக்கிழமைப் பேய்

போன வாரம் சீனி வாங்கப் போனேன். குற்றாலத்தில், கோயிலுக்குப் பக்கத்து மளிகைக் கடை. யுத்தம் வந்த பிறகு சீனிக்கும் க்யூ. நிற்கிற நேரத்துக்குப் பேச்சு வேண்டுமே... கடைக்காரர் பேயை எடுத்தார்.

சிற்றருவியில் மறுபடியும் பேய் நடமாட்டமாம். கறுத்த உருவமாம். உடம்பெல்லாம் மின்னுமாம். சனிக்கிழமை ராத்திரி மட்டும் வருமாம். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

நான் பேசவில்லை. சீனியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அந்தப் பேயை நான் தொட்டிருக்கிறேன் — அதைத்தான்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். சீசன் முழுக்க முதுகுகளோடுதான் பேச்சு. முகம் மறந்துபோகும். முதுகு மறக்காது.

இது நடந்தபோது யுத்தம் இல்லை. எங்களுக்கும் வயதாகவில்லை. அப்போது அந்தக் கடை சங்கரலிங்கம் அண்ணாச்சியுடையது. பெரிய உடம்பு. வலது தோளில் ஒரு கொழுப்புக் கட்டி. சனிக்கிழமை தவறாமல் என்னிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பார். பிறகு மூச்சு இளைப்பு வந்தது. பச்சைத் தண்ணீர் தலையில் படக் கூடாது என்று தென்காசி வைத்தியர் சொல்லிவிட்டார். அருவிப் பக்கம் போனால் திருவேங்கடத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவர் மனைவி சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

அண்ணாச்சிக்கு ஒரு மகள், கோமதி. என் சிநேகிதன் மாரியப்பனுக்கு அவள் மேல் ஆசை. அவளுக்கும் சம்மதம்தான். அண்ணாச்சிதான் மாட்டேன் என்றார். அந்தச் சமயத்தில்தான் சிற்றருவிப் பேய் கிளம்பியது. ஊரில் முதலில் பார்த்தவர் அண்ணாச்சி. கடையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, மாரியப்பன் நகர்ந்து நகர்ந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்விட்டான். எல்லோரும் பார்த்தார்கள்.

"பேய்க்குப் பயப்படுதவனுக்கு எம் பொண்ணு கெடையாது" என்றார் அண்ணாச்சி. "நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா இவன் எங்கன போய் ஒளிவான்?"

அடுத்த திங்கட்கிழமை அச்சன்புதூரிலிருந்து கோமதியைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

எங்கள் இன்னொரு சிநேகிதன் சவரிமுத்து. தென்காசி பஸ்ஸில் கிளீனர். அவன்தான் யோசனை சொன்னான்.

"ஏலே, பேயப் புடிச்சு அவரு கடை வாசல்லயே கட்டிப் போடுவோம். பொறவு எப்பிடி மாட்டேம்பாரு?"

"நீங்க புடிங்க" என்றான் மாரியப்பன். "நான் கயிறு கொண்டாரேன்."

சனிக்கிழமை ராத்திரி புறப்பட்டோம். அது ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற கிழமை. பேய்க்கும் அதே கிழமை ஏன் என்று யோசித்திருக்கலாம்... யார் யோசித்தது?

மாரியப்பன் கையில் கயிறு. சவரிமுத்து கையில் விளக்குமாறு. பேய்க்கு அதுதான் ஆகாதாம். கழுத்தில் ஜெபமாலையும் போட்டிருந்தான். எதற்கு ரெண்டும் என்று கேட்டேன். எந்த மதத்துப் பேய் என்று தெரியாதே என்றான். நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். சாரல் காற்றில் அது பாதி வழியிலேயே அணைந்துவிட்டது.

மேலே ஏறிப் போனோம். அருவி இரைச்சலுக்கு நடுவே ஒரு சத்தம். பட்... பட்... பட்...

நான் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம் அது. பயத்தில் காது வேலை செய்யவில்லை.

பாறை ஓரத்தில் உருவம் எழுந்தது. மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. நிலா வெளிச்சத்தில் உடம்பு மின்னியது. மாரியப்பன் திரும்பி ஓடப் பார்த்தான். ஈரப் பாறை வழுக்கியது. நேரே போய்ப் பேயின் மேல் விழுந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். சவரிமுத்து விளக்குமாற்றால் சாத்த ஆரம்பித்தான். அதில் பாதி அடி மாரியப்பனுக்கு.

"புடிச்சுட்டேன்லே... என்னன்னு பாருங்க. நான் கண்ணத் தொறக்க மாட்டேன்."

நான் பின்னால் போய்ப் பேயின் முதுகில் கை வைத்தேன். வலது தோளில் கட்டி. உடம்பெல்லாம் நல்லெண்ணெய். நடு முதுகு மட்டும் காய்ந்து கிடந்தது. பட் பட்டென்று தனக்குத்தானே தட்டித் தேய்த்துக்கொண்டால் அங்கே கை எட்டாது.

"நடு முதுகுல எண்ணெய் படலையே, அண்ணாச்சி" என்றேன்.

விளக்குமாறு நின்றது.

"எங்க வீட்டுல சொல்லிராதியலே" என்றது பேய்.

மாரியப்பன் கண்ணைத் திறந்தான். மேலே பார்த்தான். கையை மட்டும் எடுக்கவில்லை.

"மாமா" என்றான்.

அண்ணாச்சி மார்பில் ஒட்டியிருந்த விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை எடுத்துப் போட்டார். மாரியப்பனைப் பார்த்தார்.

"பேயின்னு நெனைச்சும் விடலையேலே நீ."

"விடத் தெரியல மாமா."

உண்மை அதுதான். கை பயத்தில் பூட்டிக்கொண்டது. நான் பார்த்த வரையில், தைரியம் என்று ஊர் சொல்லுவதில் பாதி இப்படித்தான்.

அண்ணாச்சிக்கு அது போதுமாக இருந்தது. அல்லது வேறு வழி இல்லை. எதுவென்று நான் கேட்கவில்லை. அச்சன்புதூர்க்காரர்களை வரவேண்டாம் என்று காலையில் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். மாரியப்பன் அப்போதும் பிடியை விடவில்லை. நானும் சவரிமுத்துவும்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தோம்.

நான் அவரைப் பாறையில் உட்காரவைத்தேன். நடு முதுகில் எண்ணெய் தேய்த்தேன். கொஞ்சம் ஊற விட்டோம். பிறகு பேய் அருவிக்குள் போனது. நின்ற சுகத்தில் குரல் விட்டது பாருங்கள்... கீழே கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் கடையில் அண்ணாச்சியே சொன்னார், மாரியப்பன் பேயை மலை உச்சி வரைக்கும் விரட்டிவிட்டான் என்று. ஆனால் சனிக்கிழமை மட்டும் இறங்கி வரும், யாரும் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்றும் சொன்னார். ஆவணியில் கல்யாணம். முதல் பந்தியில் பேய் உட்கார்ந்து ரெண்டாம் தடவை பாயசம் வாங்கியது.

அண்ணாச்சி இப்போது இல்லை. படுக்கையில் போனார், அருவியில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடையை மருமகன் பார்க்கிறான். ஆமாம், போன வாரம் க்யூவுக்குப் பேய்க் கதை சொன்ன கடைக்காரர் மாரியப்பன்தான். தொந்தி விழுந்துவிட்டது. இந்த வருஷம் அவனுக்கும் இளைப்பு. பச்சைத் தண்ணீர் ஆகாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். கோமதி தன் அம்மாவைப் போல... சொன்னால் செய்கிறவள்.

வருகிற சனிக்கிழமை நானும் சிற்றருவிக்குப் போகிறேன். பிடிக்க இல்லை. அவனுக்கும் நடு முதுகு எட்டாது.