சீனி ஊசிக்கு முன் ஒரு விரதம்

அந்த மாசி மாதம் முழுக்க எனக்குக் களைப்பாகவே இருந்தது. நோய் மனைவிக்கு, களைப்பு எனக்கு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். நாங்கள் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய், ஈர வயல்களையும் காற்றாலைகளையும் பார்த்துப் பார்த்து, அந்தப் பாதையே எனக்கு வெறுத்துப் போயிருந்தது.

அவளுக்கு நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய். கீமோ மருந்து ஏற்றி முடித்தாகிவிட்டது. மருந்து கேட்டதா, இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும். கொஞ்சம் கதிரியக்கம் சேர்த்த சீனியை ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுநோய்க் கலங்கள் உடம்பின் மற்றக் கலங்களைவிடச் சீனிக்கு அதிகம் அலைபவை. ஏற்றிய சீனி எங்கே போய்க் குவிகிறதோ, அந்த இடம் படத்தில் தெரியும். கள்ளனுக்குத் தீனி போட்டு அவன் ஒளித்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிற வேலை என்று நான் விளங்கிக்கொண்டேன்.

ஸ்கேனுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தாதி போன் எடுத்தார். மனைவிதான் கதைத்தாள். முதியோர் இல்லத்தில் கனகாலமாக வேலை செய்கிறவள், இந்த நாட்டு டெனிஷ் மொழியை என்னைவிட நன்றாகக் கதைப்பாள். ஆறு மணித்தியாலம் ‘ஃபாஸ்த’ இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம் என்று தாதி சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளிலும் கந்தசஷ்டிக்கும் வேலையிடத்தில் மற்றவர்கள் சாப்பிடக் கூப்பிட்டால், இவள் சொல்லுகிற சொல்லும் அந்த ‘ஃபாஸ்த’தான்.

“விரதம் இருக்கட்டாம். எனக்கென்ன, பழகினதுதானே” என்றாள்.

காலையில் நான் வெளியே நின்று கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவள் முழுகி, திருநீறு பூசி, சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து ஏறினாள். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கும்பிடுகிறாளாக்கும் என்று நானும் பேசாமல் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் தாதி அவளுடைய விரலில் குத்தி இரத்தத்தில் சீனியைப் பார்த்தார். எண் கூடவாக இருந்தது. இன்றைக்கு ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். ஏதாவது குடித்தீர்களா என்று கேட்டார்.

“கொஞ்சம் பால். பிறகு ஒரு வாழைப்பழம்” என்று டெனிஷில் சொன்னாள். அதில் ஒளிக்க ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. பாலுக்குள் சீனி போட்டதையும் கேட்காமலே சொன்னாள்.

“அது சாப்பாடுதானே” என்றார் தாதி.

“இல்லை, நான் ஃபாஸ்த” என்றாள் இவள்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் இருந்த நியாயம் எனக்கு விளங்கியது, அதுதான் கரைச்சல். விரதத்தில் பாலும் பழமும் எடுக்கலாம் என்பதை டெனிஷில் சொல்லி முடிக்க என் வாய் உலர்ந்துவிட்டது. தாதி பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் சாப்பிட்டதும் உடம்பில் இன்சுலின் ஊறி, ஏற்றுகிற சீனியைத் தசைகளுக்குள் தள்ளிவிடுமாம். படம் குழம்பிப் போகுமாம். ஊசி மருந்து அன்றன்றைக்குச் செய்வது, எடுத்து வைக்க முடியாதது. அடுத்த கிழமை வாருங்கள் என்றார்.

வந்த வழியே திரும்பி ஓட்டினேன்.

“அந்தப் பிள்ளை என்னைக் கள்ளி மாதிரிப் பாத்தது” என்றாள் பாதி வழியில்.

“பாலும் வாழைப்பழமும் சாப்பாடில்லை எண்டு ஆர் உமக்குச் சொன்னது?”

“பிறந்த நாளிலயிருந்து எல்லாரும்தான் சொன்னவை.”

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கிழமை முழுக்க அந்த வாழைப்பழத்தின் மேலே கோபமாக இருந்தேன். தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும்போதும் அதே நினைப்புத்தான். அவளுக்குள்ளே நோய் ஏதாவது மிச்சம் இருந்தால் அது இந்தக் கிழமையும் விரதமில்லாமல் தின்றுகொண்டுதானே இருக்கும் என்ற பயத்தை நினைப்பதைவிட, பழத்தோடு கோபிப்பது சுகமாக இருந்தது.

இரண்டாம் முறை பச்சைத் தண்ணீரைத் தவிர அவள் ஒன்றும் தொடவில்லை. எண் சரியாக வந்தது. ஊசி போட்டு, வெளிச்சம் குறைந்த ஒரு சின்ன அறையில் போர்த்திப் படுக்க வைத்தார்கள். கதைக்கக்கூடாதாம், கதைத்தால் தொண்டைத் தசைகள் சீனியை இழுத்துவிடுமாம். கதிரியக்கம் என்பதால் நானும் கிட்ட இருக்கக்கூடாது. வெளியே கதிரையிலிருந்து நித்திரையாகிப் போனேன். என்னைத் தட்டி எழுப்பியதே அவள்தான். “பாவம், வீட்ட போய்ப் படுங்கோ” என்றாள், என்னமோ ஸ்கேன் எனக்கு எடுத்ததுபோல.

சில நாளில் டாக்டர் கூப்பிட்டார். திரையில் அவளுடைய உடம்பு சாம்பல் நிறத்தில் நின்றது. மூளை கறுப்பாக இருந்தது. அது எல்லோருக்கும் அப்படித்தான், மூளை எப்போதும் சீனி கேட்கும் என்றார் டாக்டர். சிறுநீர் தேங்கும் சலப்பையும் கறுப்பு, மிச்ச மருந்து அதன் வழியாகத்தான் போகுமாம். முன்பு எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்த கறுப்பெல்லாம் போயிருந்தது. எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் பேனாவை இடப்பக்கக் கழுத்தடிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு கறுப்புப் பொட்டு.

வீக்கமோ கிருமியோ இருந்தாலும் அந்த இடம் சீனியை இழுக்கும்தானே என்று கேட்டேன். எங்கேயோ வாசித்தது. ஓம், அப்படியும் இருக்கலாம், அதனால் ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிப்போம் என்றார். ஆனால் போன படத்தைவிட இப்போது பொட்டு பெரிதாக இருக்கிறது, நோய்தான் என்று நினைக்கிறேன், வேறு மருந்து, கடுமையானது, தொடங்க வேண்டிவரும் என்றார். நிதானமாக, டெனிஷில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“பயப்பிட ஒண்டுமில்லையாம்” என்றேன். “மற்றதெல்லாம் போட்டுதாம். சின்னப் பொட்டுத்தானாம், அதுவும் போயிடுமாம்.”

அவள் மடியில் கிடந்த என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு டெனிஷ் விளங்குமப்பா” என்றாள். “இதை ஆருக்குச் சொல்லுறியள்?”

“எனக்குத்தான்” என்றேன்.