வெள்ளைத் துணி இல்லாத மன்னிப்பு

என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று கனடாவின் ஸ்காபரோவில் யாராவது கேட்டால் நான் இப்போது வாயைத் திறப்பதில்லை. திறந்த காலத்தில் கிடைத்தது போதும். "உதுக்கோ உன்ரை கொப்பர் பிறம்ரன் வெயர்ஹவுசிலை பெட்டி தூக்கிறார்?" என்று ஒரு அங்கிள் கல்யாண வீட்டில், சாப்பாட்டுத் தட்டோடு நின்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்படிப்பட்டவன் டொக்டருக்குப் படிக்காமல், நானூறு வருசத்துக்கு முந்தின இங்கிலாந்தில் தேவாலயத்துக்குள் யார் எந்த வரிசை வாங்கில் இருந்தார்கள் என்று தேடிக்கொண்டிருந்தால், அது அவர்களுக்குச் செய்த துரோகம் மாதிரி.

வாங்குதானே என்று நினைக்கக்கூடாது. காணி உள்ளவர்கள் முன்னுக்கு, தொழில் செய்பவர்கள் நடுவில், வேலைக்காரரும் ஏழை விதவைகளும் கதவடிக் குளிரில். ஒரு வீட்டுக்காரர் ஒரு வரிசை முன்னே நகர்ந்தால் மற்ற வீட்டுக்காரர் வழக்குப் போடுவார்கள். பெண்கள் முழங்கையால் இடித்தார்கள், ஊசியால் குத்தினார்கள், இருந்தவளின் மடியிலேயே ஏறி இருந்தார்கள். திருச்சபை நீதிமன்றங்களில் சாட்சிகள் சொன்னதை எழுத்தர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வாசிப்பதுதான் என் வேலை.

ஊசிக் கதையைச் சொன்னபோது அம்மா குசினி அடுப்படியில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. ஐந்தாம் வகுப்போடு, யுத்த இடம்பெயர்வுக்குள் படிப்பு நின்றுபோனவ. "உவளவை எங்கடை கோயிலுக்கு வந்து பழகினவளவையோ?" என்று கேட்டா. அந்தச் சிரிப்பை நம்பித்தான் இதையெல்லாம் தமிழில் ஆட்களுக்குச் சொல்லவேண்டும் என்று வெளிக்கிட்டேன்.

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு பழைய களஞ்சியக் கட்டடம்தான் எங்கள் கோயில். அம்மா வெள்ளி தவறாமல் பதினொரு வருசம் அங்கே அம்மனுக்கு மாலை கட்டினா. மற்ற நேரத்தில் அலுவலகங்கள் கூட்டித் துடைக்கிறவ. அந்த அலுவலகங்களில் அம்மாவை யாரும் கூப்பிட்டுப் பேசுவதில்லை. கோயிலில் மட்டும், அந்தச் சின்ன முக்காலியில் இருந்தால், ஐயரே வந்து "அக்கா, மாலை முடிஞ்சுதோ?" என்று கேட்டுக் காத்து நிற்பார்.

ஞாயிறு பின்னேரம் மண்டபத்தில் பேச நிர்வாகம் எனக்கு ஒரு மணித்தியாலம் தந்தது. வியாழக்கிழமையே போய், ஒரு தேவாலயத்தின் இருக்கை வரைபடத்தைத் தமிழில் பெரிதாக எழுதி அறிவித்தல் பலகையில் குத்திவிட்டு வந்தேன். மேலே தலைப்பு: 'இங்கிலாந்துத் தேவாலயத்தில் இருக்கை ஒழுங்கு'. அடுத்த நாள் யாரோ திருவிழா நோட்டீசைக் கொண்டுவந்து சரியாக அந்தத் தலைப்புக்கு மேலே குத்திவிட்டார்கள். கொடியேற்றத்துக்குப் பத்து நாள் இருந்தது. கீழே தெரிந்தது இவ்வளவுதான்: முதல் வரிசை, வீடு காணி உள்ளவர்கள். கடைசி வரிசை, வேலைக்காரர், விதவைகள்.

வெள்ளிப் பூசைக்கு வந்த சனம் அதைத் திருவிழாவுக்கான ஒழுங்கு என்று நம்பிவிட்டது.

பூசை முடிய அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக நான் வந்தபோது மண்டபம் கொதித்துக்கொண்டிருந்தது. "வாடகைக்கு இருக்கிற நாங்கள் எங்கை இருக்கிறது? வோஷ்றூமுக்குள்ளையோ?" என்று ஒருவர் கத்தினார். ஒரு அன்ரி நேரே என்னிடம் வந்தா. "மனுசன் செத்தால் நான் கதவடியிலையோ இருக்கவேணும்? நீர் ஆர் என்னை இருத்த?" நோட்டீசைக் கழற்றித் தலைப்பைக் காட்டினேன். "அப்ப வெள்ளைக்காரன்ரை குப்பையை ஏன் எங்கடை கோயில்லை ஒட்டினீர்?" என்றா.

உண்மையைச் சொன்னால், அவர்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருசமாக எங்கள் முன்வரிசைக் கதிரைகளின் முதுகில் உபயகாரரின், அதாவது திருவிழாச் செலவை ஏற்றவர்களின், பேர்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அதைப் பற்றி அதுவரை ஒருவரும் மூச்சு விடவில்லை. என் வரைபடத்தைச் சாட்டாக வைத்து அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

அதுதான் கோயில் நிர்வாகத் தலைவருக்குப் பொறுக்கவில்லை. அலுவலக அறைக்குள் கூப்பிட்டு, கணினியில் அடித்த ஒரு தாளை நீட்டினார்.

"ஞாயிறு உம்மடை பேச்சு இல்லை. மைக்கிலை உதை வாசியும். ஒரு சொல்லும் மாத்தக்கூடாது."

"அண்ணை, நான் கோயிலைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே."

"வாசிக்க ஏலாதெண்டால் சரி. கொம்மாவும் இனி மாலை கட்ட வரத் தேவையில்லை. ஆக்கள் இருக்கினம்."

தாளில் எட்டு வரிகளில் ஒரு மன்னிப்பு. ஆறாவது வரி: 'எங்கள் ஆலயத்தில் முன், பின் என்ற பேதம் என்றுமே இருந்ததில்லை.'

நான் படித்த நீதிமன்றங்களிலும் இதுதான் தண்டனை. குற்றவாளி வெள்ளைத் துணி போர்த்து, சபை முன்னால் நின்று, எழுதிக் கொடுத்ததைச் சொல்லவேண்டும். சிலர் ஒருவருக்கும் கேட்காமல் முணுமுணுத்தார்கள். சிலர் சிரித்தபடி சொன்னார்கள். அவர்களைத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். வாசித்து முடித்தவர்களை 'பணிந்து போனார்கள்' என்று என் ஆய்வேட்டின் அத்தியாயத்தில் ஒரே வரியில் தள்ளிவிட்டிருந்தேன். அவர்களுக்கு வீட்டில் யார் இருந்தார்கள் என்று நான் யோசித்ததேயில்லை.

மில்லிக்கனில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தாளை வாசித்துக் காட்டினேன்.

"உதிலை இருக்கிறது உண்மையோ?"

"இல்லை."

"பேந்தென்ன யோசனை?" என்றுவிட்டுச் சோறு போடப் போனா. முக்காலி போய்விடும் என்று நான் சொன்னபோது திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தில் பேசாமல் இருக்கிறா என்று நினைத்தேன்.

ஞாயிறு, அம்மாவும் மண்டபத்தில் இருக்க, வாசித்தேன். முணுமுணுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஆறாவது வரியில் நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசையில் தலைவரின் மனைவி, தன் பேர் ஒட்டிய கதிரையில் சாய்ந்து இருந்தா. என்னைக் கேள்வி கேட்ட அன்ரியும் சேர்ந்து கை தட்டினா. தலைவர் என் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன், படிச்ச பிள்ளை" என்றார். அந்தக் கையை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கார் ஸ்டீல்ஸ் வீதிக்கு ஏறியது. அம்மா வெளியே பார்த்தபடி சொன்னா: "இவ்வளவு படிப்பிச்சது, ஆரோ எழுதிக் குடுத்ததை வாசிக்கவோ?"

"உங்கடை மாலைக்காகத்தான் அம்மா."

"நான் கேட்டனானோ?"

அடுத்த வெள்ளி, வழக்கம்போல் ஐந்து மணிக்குக் கார்த் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு நின்றேன். அம்மா வேலை உடுப்பும் மாற்றாமல் சோபாவில் இருந்தா. ஐயர் இரண்டு தரம் போன் அடித்தார், அம்மா எடுக்கவில்லை.

"நேரமாகுது. வாங்கோவன்."

"நீ போ," என்றா. "போய் வேறை ஏதும் தந்தால் வாசிச்சுப்போட்டு வா."