ஏட்டு ஐயா பார்த்த கறுப்பு வெள்ளைப் படம்

அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்த சமயத்தில் நான் அதில் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்தவர்களுக்குத் தெரிந்தால் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பாள் என் மனைவி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் பழைய ஆங்கிலத் துப்பறியும் படங்கள் பிடிக்கும். அவற்றில் எல்லோரும் தொப்பியை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டு கொஞ்சமாகப் பேசுவார்கள். கூச்சக்காரனுக்கு அது பெரிய ஆறுதல். தையல்காரன் என்பதால் கோட்டுகளின் தோள்பட்டையைப் பார்ப்பதிலேயே எனக்குப் பாதிப் படம் போய்விடும்.

அப்படி ஒரு படம், லஞ்சம் வாங்கும் போலீஸ் அதிகாரியைப் பற்றியது. முதலில் தேய்ந்துபோன சிடியில் பார்த்தேன். படம் முழுக்க அடைமழை. பிறகு சிதம்பரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் அதையே சுத்தம் செய்து புதுப்பித்த டிவிடி கிடைத்தது. போட்டால் மழையே இல்லை. அத்தனையும் கீறல். அந்த மழையில் ஒருவரும் ஏன் குடை பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். மஸ்கட்டில் ஒரு தையல் வேலை கிடைப்பதாக இருந்தது. கடலூருக்குப் போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தேன். அதற்கான விசாரணை. இவர் நல்லபடியாக எழுதினால்தான் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் வந்தால்தான் மஸ்கட்.

டிவியை அணைக்கப் போனேன். மனைவி என் கையைப் பிடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்தவர் முன்னால் டிவியை அணைத்தால் எழுந்து போ என்று சொன்ன மாதிரி. எங்கள் தெருவில் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். அவள் டிவியை ஏட்டுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுக் காபி போடப் போனாள்.

திரையில் அந்த அதிகாரி காருக்குள் உட்கார்ந்தபடி ஒரு கவரை வாங்கிக் கோட்டுக்குள் செருகினார்.

"யாருப்பா இவரு?" என்றார் ஏட்டு.

"டாக்டருங்க" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"போலீசுங்க சல்யூட் வெக்கிறானுவ?"

"பெரிய டாக்டருங்க."

நல்லவேளையாக அவருக்கும் ஆங்கிலம் வராது. ஆனால் போலீஸ் என்பது எல்லா ஊரிலும் போலீஸ்தானே. டிவியில் அந்த வார்த்தை வரும்போதெல்லாம் சத்தமாக இருமினேன். மனைவி உள்ளேயிருந்து வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அதிகாரி துப்பாக்கியை எடுத்தார்.

"டாக்டருக்கு எதுக்குப்பா துப்பாக்கி?"

"மாட்டு டாக்டருங்க."

ஏட்டு தலையாட்டினார். அந்த ஊரில் முட்டுகிற மாடு ஜாஸ்தி போலிருக்கிறது என்றார். நான் ஆமாம் என்றேன். அதன்பிறகு அவர் விசாரணையை மறந்து செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை மட்டும் அந்த அதிகாரி தப்பித்துவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். படத்தைத்தான் புதுப்பித்திருந்தார்கள், முடிவை அல்ல. அவர் மாட்டிக்கொண்டார். வாங்கிய கவர்களையெல்லாம் மேஜைமேல் கொட்டி வைத்து அவர் கையில் விலங்கு பூட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து மனைவி தட்டோடு வந்தாள். தட்டில் காபி, டம்ளருக்கு அடியில் வழக்கமான கவர்.

ஏட்டு திரையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மஸ்கட் போய்விட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

காபியை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் கவரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் உண்மையான வருத்தம்.

"வாயில்லா சீவனுக்கு வைத்தியம் பாக்குறவன் பண்ற வேலையாப்பா இது?" என்றார்.

நான் ரொம்ப தப்புங்க என்றேன். நல்லபடியாகவே எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் பாஸ்போர்ட் வந்தது.