எஞ்சின் யாருடையது

அரசாங்க ஜீப்புகளைக் கழித்துக்கட்டும் குழுவில் நான் நெடுநாள் உறுப்பினராக இருந்தேன். ஓடுகிற வண்டியை ஓடாது என்று எழுதச் சொல்லி ஒருவர் வருவார்; ஓடாததை ஓடும் என்று எழுதச் சொல்லி இன்னொருவர் வருவார். இருவரையும் உட்காரவைத்து, விதி என்ன சொல்கிறது என்று படித்துக் காட்டி அனுப்பிவிடுவேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். எனக்கு அந்த ஆச்சரியமெல்லாம் சின்ன வயதிலேயே, கரமனையில், எங்கள் வீட்டுக் கொல்லையில் தீர்ந்துபோய்விட்டது.

தாத்தா விட்டுப்போனவை ஒரு வீடும் ஒரு காரும். கார் யுத்தத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்குகள், ஏறுவதற்கு இருபுறமும் நீளப் பலகை. தாத்தாவின் கடைசிக் காலத்தில் அது ஓடுவதை நிறுத்திக் கொல்லை ஷெட்டில் கிடந்தது. தெருப் பூனைகளின் பிரசவ அறையாக மட்டும் பயன்பட்டது.

அதைத் திரும்ப ஓடவைத்தவர் சித்தப்பா. பி.எஸ்சி. தேறியவர். சர்க்கார் வேலைக்கான பரீட்சைகளை எழுதிக்கொண்டே இருந்தார், வேலைதான் வரவில்லை. பரீட்சைக்கும் பரீட்சைக்கும் நடுவில் வண்டிக்கடியில் படுத்திருப்பார். வருஷக்கணக்கில் அவர் செய்த அந்தக் காரியத்துக்கு வீட்டில் வேலை என்று பெயர் கிடையாது. யாராவது விசாரித்தால், "அவன் இன்னும் ஒண்ணும் ஆகலை" என்று அம்மா மெதுவாகச் சொல்வாள்.

ஒருநாள் வண்டி ஓடியது. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. சித்தப்பாவுக்கு அன்றிலிருந்து ஒரே பல்லவிதான்: அப்பா காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, ஒரு ஆணிகூட மாறவில்லை. அது உண்மையில்லை என்பது ஷெட்டில் அவருக்குத் திருப்புளி எடுத்துக் கொடுத்த எனக்குத் தெரியும். ஆனால் கேட்பவர்களுக்குச் சந்தோஷமாக இருந்தது, சொல்பவருக்கு அதைவிட.

கூட்டுக் குடும்பம் என்பதையே கேரளத்தில் சட்டம் போட்டு எடுத்துவிட்ட சமயம் அது. நாகர்கோவிலிலிருந்து அத்தையின் கணவர் வந்து இறங்கினார். எங்கள் வழக்கில் அத்திம்பேர். ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். அந்த வக்கீலுக்குச் சட்டத்தில் சந்தேகம் வந்தால் இவரைத்தான் கேட்பார் என்று இவரே சொல்லுவார். அத்தையின் பங்கைப் பேசி முடிக்க வந்திருந்தார். அத்தையும் உடன் வந்திருந்தாள், பேசவில்லை.

வீட்டைப் பற்றிச் சண்டை இல்லை. முன்பகுதி மூத்தவரான அப்பாவுக்கு, அத்தைக்கு ஈடாகப் பணம், பின்னால் ஆற்றைப் பார்த்த இரண்டு அறைகள் சித்தப்பாவுக்கு. கார்தான் இடைஞ்சலாக வந்து நின்றது. கார் தாத்தாவின் சொத்து, ஆகவே அதையும் பங்கு போட வேண்டும் என்றார் அத்திம்பேர். வண்டியில் போட்டதெல்லாம் தம்பியின் உழைப்பு என்றார் அப்பா. அவன் சாப்பிட்டது குடும்பச் சோறு, ஆகவே உழைப்பும் குடும்பத்தினுடையதுதான் என்றார் அத்திம்பேர். இதற்கு விதிப் புத்தகத்தில் பதில் கிடையாது. நான் பிறகு தேடிப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு சர்வேயரை அழைப்பது என்று முடிவாயிற்று. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து நஷ்டம் கணக்கிடும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மலையாளி. இரண்டு கட்சியும் அவரை ஒப்புக்கொண்டதற்குக் காரணம், இரண்டு கட்சிக்கும் அவரைத் தெரியாது என்பதுதான். அவர் வந்ததுமே ஒன்றைச் சொல்லிவிட்டார். இது எத்தனையோ முறை பிரித்துப் பூட்டிய வண்டி; எந்த ஆணி அப்பன் போட்டது, எந்த ஆணி மகன் போட்டது என்று பார்க்க முடியாது. எஞ்சின் யாருடையதோ வண்டி அவருடையது. எஞ்சின் மாற்றியதானால் கார் சித்தப்பாவுக்கு, பங்குக்கு வராது. பழைய எஞ்சினேயானால் கார் தாத்தாவினுடையது. அதற்கு முழு விலை போட்டு, எடுத்துக்கொள்கிறவர் வீட்டில் அந்த அளவுக்குத் தன் பங்கை விட்டுவிட வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்பா தம்பியைத் தனியே கூப்பிட்டார். "கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. பெருமை பேசாதே." தன் தம்பியை அவருக்குத் தெரியும்.

பிறகு நடந்தது எனக்கு ஒரே வேடிக்கையாக இருந்தது. சர்வேயர் கதவை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். டங் டங் என்ற சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று அடங்கியது. "பட்டி உண்டல்லோ" என்றார்.

"நிறைய உண்டு சார், ஓட்டையெல்லாம் அதை வச்சுத்தான் அடைச்சிருக்கேன். உள்ளே தகரம்தான் கொஞ்சம்" என்றார் சித்தப்பா.

ஒரு ஆணிகூட மாறவில்லை என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர், ஒவ்வொன்றாக வண்டியைக் காட்டிக் கொடுத்தார். கதவுக்குள்ளிருந்த மரச்சட்டம் கரையானுக்குப் போய்விட்டது, இது ஆரியசாலையில் வாங்கிய மரம். பிரேக் வேறு வண்டியினுடையது. சீட்டு வலியசாலைத் தையல்காரர் தைத்தது. தரை முழுக்கப் புதுத் தகடு. சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. பெற்ற பிள்ளைக்கு வராத நோயையெல்லாம் டாக்டரிடம் சொல்லுகிறவர் மாதிரி இருந்தார். இத்தனைக்கும் எல்லாம் உண்மை.

அத்திம்பேரோ, முந்தைய தீபாவளிக்கு அதே வண்டியைத் தகர டப்பா என்று சொன்னவர், அன்று அதைப் புகழ்ந்த புகழ்ச்சியைக் கேட்க வேண்டும்.

"பாருங்கோ சார், அந்தக் காலத்து இரும்பு. மட்கார்டு வளைவைப் பாருங்கோ. இப்போ யாருக்கு வரும் இந்தக் கை?"

"அந்த மட்கார்டு நான் அடிச்சது, அத்திம்பேர்" என்றார் சித்தப்பா.

அத்திம்பேர் புகழ்வதற்கு வேறு இடம் தேடிப் பின்பக்கம் போனார். அப்பாவும் அவர் பின்னாலேயே போய்விட்டார், கண்காணிக்க. முன்னால் சர்வேயரும் சித்தப்பாவும், காப்பித் தம்ளரை வாங்கிப்போக வந்த நானும்தான் நின்றோம்.

சித்தப்பா கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சர்வேயர் நீளத் திருப்புளி ஒன்றை எடுத்து, நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பல இடங்களில் அப்படி வைத்துக் கேட்டார். பிறகு எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பழந்துணியால் பக்கவாட்டில் துடைத்து, அங்கே பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார். கையிலிருந்த பழைய ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார். புத்தகத்தை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எண்ணை உரக்கப் படித்து, இரு கட்சியையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது முறை. சேஸிஸ் எண்ணை அவர் அப்படித்தான் படித்திருந்தார். என் குழுவில் யாராவது இப்படிச் செய்திருந்தால் எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருப்பேன். அன்று எனக்கு, பாவம், வயதானவர், மறந்துவிட்டார் என்றுதான் தோன்றியது.

அத்திம்பேரும் அப்பாவும் திரும்பி வந்தபின் அவர் சித்தப்பாவைப் பார்த்து, மிகவும் சாந்தமாக, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: "எஞ்சின் மாத்தியதல்லே? பழைய எஞ்சின் இத்தனை சுகமாட்டு, சத்தமில்லாதே ஓடாது."

சித்தப்பா ஆமாம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தலையை ஆட்டினால்கூடப் போதும். அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பா கையிலிருந்த துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"இல்லை சார். அப்பாவோட எஞ்சின்தான். உள்ளே எல்லாம் நானாக்கும் பண்ணினேன்."

சர்வேயர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார், எண்ணை உரக்கப் படித்தார், அத்திம்பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாம் முறைப்படி நடந்தது. அவர் போட்ட விலையைக் கேட்டு அத்திம்பேரே ஒரு நிமிஷம் திகைத்துப்போனார். ஆற்றைப் பார்த்த இரண்டு அறைகளுக்கும் அது சரியாக இருந்தது.

சர்வேயர் போன பிறகு அப்பா கூடத்தில் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த மனுஷன் உனக்கு வழி விட்டாரேடா. புரியலையா?" என்றார்.

"புரிஞ்சுது அண்ணா."

"பின்னே?"

"வேற எவனோட எஞ்சினோன்னு சொல்றாரே. அதைக் கேட்டுண்டு எப்படி நிக்கறது?"

அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. அத்திம்பேர் மட்டும், வண்டியை விற்றுப் பணமாக்கி எல்லோருமாகப் பிரித்துக்கொள்ளலாம், பையன் அறையில் இருக்கட்டும் என்று பெருந்தன்மை காட்டினார். கோட்டயத்துப் பக்கம் யாரோ ஓர் எஸ்டேட்காரர் இம்மாதிரி வண்டிகளை வாங்குவதாகவும் அவருக்குத் தெரிந்திருந்தது. சித்தப்பா, காரை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அவன் எங்கே படுப்பான்?" என்று கேட்டாள். அத்திம்பேர் திரும்பிப் பார்த்ததும் மறுபடி மூடிக்கொண்டாள்.

ஆற்றுக்கு அக்கரையில், பாப்பனங்கோட்டுக்குப் போகிற வழியில், ஒரு ஷெட் வாடகைக்குக் கிடைத்தது. போகிற அன்று பின்சீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி, படுக்கை, ஸ்டவ். அம்மா ஒரு தூக்குப் பாத்திரத்தில் மோர்சாதம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வருகிறேன் என்று நான் அடம் பிடித்ததில், அக்கரை வரை கூட்டிப்போய்ப் பேருந்தில் திருப்பி அனுப்புவதாகச் சித்தப்பா ஒப்புக்கொண்டார். நான் முன்சீட்டில், தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பா யாரையும் பார்க்கவில்லை. பெரிய சாலையில் திரும்பியதும் அவர் கேட்டார்: "ஏண்டி குட்டி, எஞ்சின் சத்தம் கேக்கறதோ?"

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். காற்றின் சத்தம்தான் கேட்டது.

"ஒண்ணுமே கேக்கலை சித்தப்பா."

ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். என்னமோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்குப் பயமாகிவிட்டது. வீட்டை விட்டுக்கொடுத்து இந்த எஞ்சினை வாங்கிக்கொண்டு போகிறார். அதில் சத்தமே இல்லையென்றால் அவருக்கு எப்படி இருக்கும்? பெரியவர்கள் மனம் நோகாமல் பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"இல்லை சித்தப்பா, இப்போ கேக்கறது. டக்கு டக்குன்னு நன்னாவே கேக்கறது" என்றேன்.

கரமனைப் பாலத்தின் நட்டநடுவில் வண்டி நின்றது. சித்தப்பா குதித்து இறங்கினார், பானெட்டைத் திறந்தார், தலையை உள்ளே விட்டுக்கொண்டார். பின்னால் ஒரு பேருந்து ஹார்ன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. கண்டக்டர் இறங்கி வந்து மலையாளத்தில் என்னென்னவோ கேட்டார். சித்தப்பா கையை மட்டும் உயர்த்தி, பேசாமல் இருக்கும்படி சைகை காட்டினார்.

நான் மடியில் தூக்கோடு, அவரைச் சமாதானப்படுத்திவிட்ட திருப்தியில் உட்கார்ந்திருந்தேன்.