பித்தளைச் சட்டமும் சிவப்புக் கூடும்

2005 மழைக்காலத்தில் உப்பளத்தில் எனக்கு வேலை இல்லை. புதுச்சேரியில் நண்பர் ஒருவர் வீட்டு மேசையில், பலகையில் வெட்டிய காடிக்குள் அடியிலுள்ள முனையைச் செருகி, கரண்டில் ஓடும் பொம்மைக் கார்கள் வைத்திருந்தார். அப்படி ஒன்று எனக்கும் வேண்டுமென்று பித்தளையில் அடிச்சட்டம் செய்தேன். கம்பியை வளைத்து, மூட்டுகளை ஈயத்தால் பற்றவைத்து, அரத்தால் ராவினேன். வளைவில் கவிழாமலிருக்க நடுவில் வைத்த தகட்டைத் தனியாக ஆடவிட்டேன். உப்புக்காற்றில் பித்தளை பச்சை பூக்காமலிருக்க எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தேன்.

வானூரிலிருந்து வந்த அக்கா வீட்டுக்காரர், சட்டத்தின் மேல் நான் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கூட்டுக்குப் பெயிண்ட் அடித்துத் தருவதாகச் சொல்லி, காரையே எடுத்துப் போனார். அவருக்குத் தெரியாத கலை உலகத்திலேயே கிடையாது.

பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனபோது கார் ஷோகேஸில், சக்கரங்கள் ஒரு மரக்கட்டையோடு ஒட்டப்பட்டு, சிவப்பாக நின்றது.

“இனி எப்படி மாமா ஓடும்?” என்றேன்.

“ஏம்பா, இது ஓட்டறதுக்கா? அழகுக்கு!”

“அடியில செஞ்ச வேலை?”

“அதை யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க?”

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். “நானே செஞ்சது” என்று அவரிடம் மாமா கூசாமல் சொன்னார்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எதிரிலேயே கத்தியால் நெம்பி, சட்டத்தையும் சக்கரங்களையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். வெறும் கூட்டைக் கட்டைமேல் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த பொங்கலுக்கும் அதைத்தான் மாமா வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார்.